காயில் ஒயரில் ஒரு தகடு

எங்கள் அம்மா பாவாத்தாள் ஒரு பயந்தாங்கொள்ளி. பெற்றவளைப் பற்றி இப்படியா எழுதுவது என்று உறவுக்காரர்கள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். அம்மாவே இதை மறைத்ததில்லை. இடிக்கும் பாம்புக்கும் எல்லாரும்தான் பயப்படுகிறோம். அம்மா நல்ல சேதிக்கும் பயப்படுவாள். இந்த வருஷம் பருத்தி நன்றாக வெடித்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அவள் முகம் சுண்டிப்போகும். வீட்டில் எல்லாரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தால், இன்றைக்கு இத்தனை சிரிப்பு ஆகாது என்று எழுந்து போய்விடுவாள். சாமி மேல் அவளுக்கு இருந்ததைப் பக்தி என்று நான் சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் அதுவும் பயம்தான்.

அவளைக் கேலி செய்தே வளர்ந்தவள் நான். ஆனால் அவளுடைய பயங்களில் ஒன்றை மட்டும் என்னால் கேலி செய்ய முடிந்ததில்லை. அது எங்கள் பிளசரோடு வந்த பயம்.

காரை அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பிளசர் என்றுதான் சொல்வார்கள். தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையைப் பார்த்த மாதிரி எங்கள் தோட்டம். முப்பத்து நாலாம் வருஷம், டீத் தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து அப்பா காளிச்சாமி அந்த வண்டியை வாங்கி வந்தார். கறுப்பு வண்டி, மேலே மடக்குகிற துணிக்கூரை. நான் அப்போது பிறக்கவில்லை. அண்ணன் பொங்கியண்ணன் நடந்து பழகிக்கொண்டிருந்தான். ஊரே வந்து வண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஆரத்தி எடுக்க அம்மாவைத் தேடியபோது, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

டிரைவர் வைத்துக்கொள்ள அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கோயமுத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போய் நின்று ஓட்டக் கற்றுக்கொண்டார், கழற்றி மாட்டவும் கற்றுக்கொண்டார். அவருக்கு மூளை உண்டு, அதைவிடக் கூடுதலாகப் பெருமை உண்டு. வாங்கிய புதிதிலேயே, எதிரே வந்த எருமைக்கு ஒதுங்கப் போய் வண்டியை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டார். நெற்றியில் ஒரு வெட்டு. அந்த வெட்டை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிச் சிரித்தார். அவர் சிரித்த அளவுக்கு அம்மா உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தாள்.

யாரிடமும் சொல்லாமல் அவள் கரட்டுக் குன்றின் மேலிருக்கும் கோயிலுக்குப் போனாள். எங்கள் பக்கம் எந்தக் காரியத்துக்கும் சாமியிடம் பூக்கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளை வந்தால் நல்லது. அம்மாவுக்குச் சிவப்பு வந்தது. மனசு கேட்காமல் மறுபடி போட்டுப் பார்த்தாள். மறுபடியும் சிவப்பு. வீட்டுக்காரருக்கு வாகன கண்டம் இருக்கிறது, வண்டியில் போகும்போதுதான் உயிர் போகும் என்று இருக்கிறது, ஆனால் தடுத்து வைக்கலாம் என்றார் பூசாரி. ஒரு செப்புத் தகட்டில் கட்டமும் எழுத்தும் கீறிச் சுருட்டி, கறுப்புக் கயிறு கோத்துக் கொடுத்தார். வண்டிக்கு எந்த இடத்தில் உயிர் இருக்கிறதோ அந்த இடத்தில் கட்ட வேண்டும். கட்டியது அவருக்குத் தெரியக் கூடாது. எடுத்துவிட்டால் கண்டம் திரும்பி வரும், என்றைக்கு என்று சொல்ல முடியாது. அவர் கையாலேயே எடுத்தால் அன்றைக்கே. இத்தனையும் சொன்ன பூசாரிக்குப் பிளசரின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

அம்மா வீட்டுக்கு வந்து நேரே அப்பாவிடமே கேட்டாள். வண்டிக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டதும் அப்பாவுக்கு ஒரே குஷி. பிளசரைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். வண்டிக்கு முன்னால் கூட்டிப்போய் என்ஜின் மூடியான பானட்டைத் தூக்கி நிறுத்திப் பாடம் நடத்தினார். பெட்ரோல் வெறும் சோறு, தண்ணீர் வெறும் தண்ணீர். உயிர் என்றால் அது கரண்டுதான். பேட்டரியிலிருந்து வருகிற கரண்டு இந்தக் காயில் என்கிற டப்பாவுக்குள் போய்ப் பெருகி, இதோ இந்தத் தடி ஒயர் வழியாக ஓடி, கடைசியில் பிளக்கில் பொறியாக விழுகிறது. பொறி விழுந்தால்தான் பெட்ரோல் பற்றும். இந்த ஒயர் போனால் வண்டி பிணம் என்று அதைத் தட்டிக் காட்டினார். அப்பா அன்றைக்கு அவ்வளவு விளக்கமாகச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் களத்தில் இருந்த நேரம் பார்த்து அம்மா தகட்டை அந்த ஒயரிலேயே கட்டினாள். காயிலுக்குப் பின்னால், இரும்புத் தகட்டுச் சுவருக்கும் ஒயருக்கும் நடுவே, கை நுழையச் சிரமமான இடம். கயிற்றைச் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டு, வெளியே தெரியாதபடி கரியும் விளக்கெண்ணெயும் குழைத்துப் பூசிவிட்டாள். அதற்கப்புறம் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது அவளுக்கு. ஆனாலும் ஒரு நாளும் அதில் ஏறவில்லை.

அடுத்த வருஷம் ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கி, மலை கண்ணுக்குத் தெரியாமல் போனது. பிளசர் இருமத் தொடங்கியது. கொஞ்ச தூரம் போகும், திணறும், மறுபடி போகும். பெட்ரோலில் எவனோ தண்ணீர் கலந்துவிட்டான் என்று அப்பா கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆடிக் குளிரில் ஆடு மாடுகள் இருமுகிற மாதிரி வண்டியும் இருமுகிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சாரலில்தான் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் குரல் கம்மியது. அப்புறம் கழுத்து வீங்கியது. ஒரு காலையில் அவன் மூச்சு இழுக்கும்போது ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அம்மா அவன் வாயைத் திறந்து பார்த்தாள். உள்நாக்கை மூடிக்கொண்டு, பால் ஆடை படிந்த மாதிரி, வெள்ளையாக ஒரு தோல். பக்கத்துத் தோட்டத்துக் குழந்தை ஒன்று முந்தின வருஷம் இதே தொண்டை அடைப்பானில், இதே சத்தம் போட்டுத்தான் செத்தது. காலையில் சத்தம் தொடங்கிய பிள்ளை விளக்கு வைக்கும் நேரத்துக்கு இல்லை. அம்மா அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஊசி இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். மாட்டு வண்டியில் போனால் மத்தியானம் தாண்டிவிடும். அப்பா பிளசரைக் கிளப்பினார். அம்மா பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். பிளசரில் அவள் முதல்முதலாக ஏறியது அன்றைக்குத்தான்.

இதை அம்மா எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அப்பா ஒரே தடவைதான் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகிற இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆலாங்காடு என்று ஒரு இடம். பெயர்தான் ஆலாங்காடு, ஆலமரம் ஒன்று கிடையாது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரச் சோளம், வீடு வாசல் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு இல்லை. அங்கே வரும்போது பிள்ளையின் மூச்சுச் சத்தம் அம்மாவுக்குக் கேட்கவில்லை. என்ஜின் போட்ட சத்தத்தில் அது அமுங்கிப்போயிருக்கும். அவளுக்கு அது தோன்றவில்லை. மூச்சு நின்றுவிட்டது, நிறுத்துங்கள் என்று கத்தினாள். அப்பா பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டி என்ஜினை அணைத்தார். இரண்டு பேரும் குனிந்து காது வைத்துக் கேட்டார்கள். ரம்பச் சத்தம் மெலிதாக வந்துகொண்டிருந்தது. அப்பா ஆண்டவனே என்று சொல்லிக்கொண்டே முன்னால் போய் உட்கார்ந்து, என்ஜினைச் சுற்றிவிடுகிற செல்பைக் காலால் அழுத்தினார்.

என்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

அப்பாவுக்குப் பயம் வந்தால் பேசிக்கொண்டே இருப்பார். செய்கிற வேலையையெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லிச் செய்வார். அன்றைக்கும் அப்படித்தான். பானட்டைத் திறந்தவர், பெட்ரோல் வருகிறது, வாசனை அடிக்கிறது, அதில் குறை இல்லை என்றார். ஸ்பேனரை எடுத்து ஒரு பிளக்கைக் கழற்றினார். அதை அதன் ஒயரோடு இரும்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அம்மாவை முன்சீட்டுக்கு வந்து காலால் செல்பை அழுத்தச் சொன்னார். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுத்தினாள். பிளக்கின் நுனியில் பொறி வந்தது. வந்தது என்றுதான் பெயர். சாகப்போகிற திரி மாதிரி சிவப்பாக, நூல் இழையாக, ஒன்று வந்தால் ஒன்று வரவில்லை. நல்ல பொறி நீலமாக, சட்டென்று சத்தத்தோடு விழ வேண்டும். இந்தப் பொறிக்கு ஈரப் பெட்ரோல் பற்றாது என்று அப்பா சொல்லிக்கொண்டார்.

பேட்டரி இறங்கிவிட்டதோ என்று பார்க்க ஆரனை அடித்தார். அந்தச் சோளக்காடு முழுக்க அதிர்ந்தது, குருவிகள் எழும்பிப் பறந்தன. தோளில் கிடந்த பிள்ளை மட்டும் திடுக்கிடவில்லை. ஆரன் சத்தம் கேட்டால் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வருகிற பிள்ளை அது. அம்மா அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். உதட்டோரம் கறுத்து வந்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டு போனது.

பேட்டரி நன்றாக இருக்கிறது, அப்படியானால் பாயிண்டு என்றார் அப்பா. கரண்டை விட்டு விட்டுத் தருகிற இரண்டு சின்ன முனைகள் அவை. அதில் கரி பிடித்தால் பொறி சிவக்கும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பேனாக்கத்தியால் நெம்பி அதன் மூடியைத் திறந்து, தன் துண்டால் உள்ளே இருந்த ஈரத்தையெல்லாம் ஒற்றி எடுத்தார். உப்புத்தாளைக் கிழித்துப் பாயிண்டுகளைத் தேய்த்தார். இரண்டு தடவை உப்புத்தாளைக் கீழே போட்டு எடுத்தாராம். மாட்டிவிட்டு அழுத்தச் சொன்னார். அதே சிவப்புதான். செல்பு சுற்றும் வேகமும் குறையத் தொடங்கியிருந்தது. இன்னும் நாலைந்து தடவை அழுத்தினால் பேட்டரியும் செத்துவிடும் என்று அவர் சொன்னது அம்மாவுக்கு நன்றாகக் கேட்டது.

ரோட்டில் இரண்டு பக்கமும் போய் நின்று பார்த்தார். சாரல்தான் தெரிந்தது. தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று நினைத்தார். அந்த ஈரக்காற்றில் அவ்வளவு தூரம் தூக்கிப்போனால் பிள்ளை தாங்காது. திரும்பி வந்து மறுபடி பானட்டுக்குள் குனிந்தார்.

அம்மா அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளக்கில் ஆரம்பித்தவர், பாயிண்டைப் பார்த்துவிட்டு, இப்போது தடி ஒயருக்கு வந்திருந்தார். பொறி ஓடுகிற வழியை முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, அவள் கட்டி வைத்த இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார். இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. தகட்டுக்கும் பொறிக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சாமி பெயரால் கட்டியது கெடுதல் செய்யுமா? வண்டி இருமத் தொடங்கியது எப்போது, தான் கட்டியது எப்போது என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். நடுவே ஒரு வருஷம் ஓடியிருந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று புரியவில்லை.

அப்பா அந்த ஒயரின் ஒரு முனையைப் பிடுங்கி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து, அழுத்து என்றார். அழுத்தினாள். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். உள்ளே எங்கேயோ, காயில் பக்கத்தில், டிக் டிக்கென்று பல்லி மாதிரி ஒரு சத்தம். அவர் முகத்தில் முதல் தடவையாகத் தெம்பு வந்தது.

"காயில்ல பொறி பொறக்குது புள்ள. இங்க வந்து சேர்றதுக்குள்ள நடுவுல எங்கியோ ஒழுகுது" என்றார்.

ஒழுகுகிற பொறி வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, இருட்டில்தான் தெரியும். அதனால் பிள்ளையைச் சுற்றியிருந்த கம்பளியைக் கேட்டுக் கையை நீட்டினார். அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு என்ஜினுக்குள் பார்த்தால் இடம் தெரிந்துவிடும், தெரிந்த இடத்தில் எது தட்டுகிறதோ அதைப் பிய்த்து எறிந்துவிட்டால் வண்டி கிளம்பிவிடும் என்றார்.

அவர் கையால் எடுத்தால் அன்றைக்கே. அம்மாவுக்கு அது ஒன்றுதான் காதில் கேட்டது. பேசாமல் இருந்தால் தோளில் இருக்கிற உயிர் போகும். கம்பளியைக் கொடுத்தால் எதிரில் நிற்கிற உயிர் போகும். தானே எடுத்தாலும் அவருக்குத்தான் வந்து சேரும், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா எனக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பிக்கொள்வாள். அப்பா இரண்டாம் தடவை கம்பளியைக் கேட்டார்.

"ஏனுங்க, நீங்க பாக்க வேண்டாமுங்க" என்றாள். "அந்த ஒயர்ல நானொரு தகடு கட்டி வெச்சிருக்கறனுங்க."

அப்பா முதலில் விளங்காமல் பார்த்தார். எந்த ஒயரில் என்று கேட்டார்.

"உசுரு இருக்குதுன்னு நீங்க காட்டுனீங்களே, அந்த ஒயர்லீங்க."

அவர் உடனே காயிலுக்குப் பின்னால் கையை விடப் போனார். அம்மா இறங்கி ஓடி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வெளியிடத்தில் அவரைத் தொட்டவளே அல்ல அவள். நீங்கள் தொட்டால் ஆகாது, நான்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிப் பிள்ளையை அவர் கையில் திணித்தாள். ஏன் என்று கேட்க அவருக்கு நேரமில்லை. பிள்ளை கைக்கு வந்ததும் அதன் கனம் குறைந்துபோயிருந்த மாதிரி அவருக்குத் தோன்றியதாம்.

அம்மா கையை உள்ளே விட்டாள். என்ஜின் இன்னும் சூடாக இருந்தது. முழங்கை ஒரு குழாயில் பட்டுச் சுருக்கென்று வெந்தது, அவள் கையை எடுக்கவில்லை. கயிறு கைக்குத் தட்டுப்பட்டது. சூட்டிலும் ஈரத்திலும் முடிச்சுகள் எல்லாம் இறுகி ஒன்றாகிக் கிடந்தன. நகத்தால் பிறாண்டினாள். ஒன்றும் அசையவில்லை. கண் தெரியாத இடத்தில், தான் போட்ட முடிச்சில் முனை எது என்று தனக்கே தெரியாமல், தடவிக்கொண்டே நின்றாள்.

அப்போது பின்னால் ரம்பச் சத்தம் நின்றது.

இந்தத் தடவை சத்தத்தை அமுக்க என்ஜின் ஓடவில்லை. அப்பா பிள்ளையைக் கவிழ்த்து முதுகில் தட்டினார். ஒன்றும் வரவில்லை. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கயிற்றை விட்டிருப்பேன் என்பாள். வண்டியின் மேல் கிடந்த அவருடைய பேனாக்கத்தியை எடுத்து, கயிறு எது ஒயர் எது என்று பார்க்காமல் கொடுத்து இழுத்தாள். கயிறு அறுந்து தகடு கைக்கு வந்தது. நல்ல காலம், ஒயர் அறுபடவில்லை. கையில் வந்ததைச் சோளக்காட்டுக்குள் வீசினாள். அந்த நேரத்தில் பிள்ளை எதையோ கக்கிவிட்டு மறுபடி இழுத்து மூச்சு விட்டது.

தகடு உரசி உரசி ஒயரின் ரப்பர் தேய்ந்து, உள்ளே இருந்த செம்புக் கம்பி வெளியே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. தகட்டின் மறுபக்கம் இரும்புச் சுவரில் பட்டுக்கொண்டிருந்தது. பிளக்குக்கு ஓட வேண்டிய பொறியெல்லாம் தகடு வழியாக இரும்புக்கு ஓடிக் கரைந்துபோயிருக்கிறது. அப்பா பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பஞ்சர் ஒட்ட வைத்திருந்த ரப்பர்த் துண்டை அந்த இடத்தில் சுற்றி, துண்டின் ஓரத்தைக் கிழித்து இறுகக் கட்டி, ஒயரை இரும்பில் படாமல் தள்ளி வைத்தார். பிளக்கை வைத்துப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லை. அப்படியே மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்து அழுத்தினார். செல்பு முனகி முனகி அரைச் சுற்றுச் சுற்றியது. அந்த அரைச் சுற்றிலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

அன்றைக்குக் கோயமுத்தூர் வரைக்கும் ஓட்டிய மாதிரி வேறு எந்த நாளும் ஓட்டியதில்லை என்றார் அப்பா. அம்மா பின்சீட்டில் பிள்ளையை மடியில் கிடத்தி, அதன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைதான் பிள்ளை மேல் இருந்தது. கண் முழுக்க அப்பாவின் பிடரி மேல் இருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் மாடும் மரமும் அந்தப் பிடரிக்காகவே வருகிற மாதிரி இருந்ததாம். செத்துக்கொண்டிருந்த பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தி புருஷன் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள் என்று யாராவது கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று அம்மா என்னிடம் கேட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஞானாபரணம் என்கிற நர்சம்மா பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். டாக்டர் கழுத்தில் கீறி ஒரு குழாய் வைத்தார். ஊசியும் போட்டார்கள். வெகு நேரம் கழித்து ஞானாபரணம் வெளியே வந்து, பிள்ளை மூச்சு விடுகிறது, நிறம் திரும்பிவிட்டது, பயப்பட வேண்டாம் என்றாள். அம்மாவிடம் போய்ப் பயப்பட வேண்டாம் என்று சொன்ன ஆளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். ஆனால் அந்த நர்சம்மா கையைப் பிடித்துக்கொண்டு அப்பாதான் அழுதாராம்.

அதற்கப்புறம் வராந்தாவில் வைத்துத் தகடு எதற்கு என்று அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பூ சிவப்பாக வந்தது, கண்டம், எடுத்தால் திரும்பி வரும் என்பது வரைக்கும். அப்பா திட்டுவார், இல்லாவிட்டால் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு பிளசரைப் பார்த்தார்.

"கண்டம் எந்த வருசம் வரைக்கும்னு பூசாரி சொன்னாரா?" என்று கேட்டார்.

"சொல்லலீங்க."

அப்பா எனக்கு ஒரே தடவை சொன்னார் என்றேனே, அது இந்த இடத்தைச் சொல்வதற்காகத்தான். அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, ஒரு நாள் தனியாக ஆலாங்காட்டில் வண்டியை நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோளக்காட்டுக்குள் இறங்கித் தேடியிருக்கிறார். பூசாரியையும் பூக்கேட்பதையும் ஊரறியக் கேலி செய்கிற மனுஷன். உழவுச் சால் ஒன்று விடாமல் தேடியும் தகடு கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடாதே, அப்புறம் அவள் இன்னும் பயப்படுவாள் என்றார்.

அன்றிலிருந்து அப்பா வண்டியை எடுத்தால் அம்மாவும் ஏறிக்கொள்வாள். பருத்தி மண்டிக்குப் போனாலும், கோர்ட்டு வேலைக்குப் போனாலும், துக்க வீட்டுக்குப் போனாலும் முன்சீட்டில் அவர் பக்கத்தில் இருப்பாள். ஆண்கள் பேசுகிற இடமானால் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வாள். என்னைக் கைக்குழந்தையாக மடியில் வைத்துக்கொண்டும் அப்படித்தான் போனாள். காளிச்சாமி வீட்டுக் கவுண்டிச்சிக்குப் பிளசர் ஆசை விடவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்பாவின் வேகமும் போய்விட்டது. நல்ல ஜோடி மாடு பூட்டிய வண்டி எங்கள் பிளசரை முந்திப் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பொறுக்க முடியாமல், வண்டியை விற்றுவிடட்டுமா என்று அப்பா கேட்டார். விற்றுவிட்டால் பஸ்ஸில் போவீர்கள், ரயிலில் போவீர்கள், அதுவும் வண்டிதானே என்றாள் அம்மா. நீ கூட வந்து என்ன செய்யப்போகிறாய் என்று அவளைக் கேட்டார்.

"எடுத்தது நானுங்க. வந்தா எனக்கும் சேத்து வரட்டும்."

அப்பா ஐம்பத்தொன்பதாம் வருஷம் தை மாசத்தில் போனார். காய்ச்சலில் கொஞ்ச காலம் படுத்திருந்தார். விடிந்து வெகு நேரமாகியும் எழவில்லையே என்று அண்ணன் போய்ப் பார்த்தபோது கட்டிலில் உடம்பு சில்லிட்டிருந்தது. கழுத்துத் தழும்பு தெரிய அண்ணன் தலையைத் தூக்கிக் கதறினான். ஊர்ப் பெண்கள் வந்து கூடினார்கள். அம்மா மட்டும் அழாமல், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அதிர்ச்சியில் சித்தம் கலங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"ஊட்லதான கண்ணு போனாரு? வண்டியில இல்லையே?" என்று கேட்டாள்.

வீட்டில்தான், கட்டிலில்தான் அம்மா என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.